தனகோடிக்கு வந்த ஜீரோ பில்

ஆரணியில் பட்டுக்குச் சாயம் போடுகிறவர் யாரென்று கண்டுபிடிக்க விசாரிக்கவே வேண்டாம். நகத்தைப் பார்த்தால் போதும். எங்கள் கீழ்வீட்டுத் தனகோடிப் பெரிப்பாவின் நகங்களில் எப்போதும் இரண்டு கலராவது இருக்கும். திங்கட்கிழமை அரக்கும் பச்சையுமாகத் தொடங்கினால் வியாழக்கிழமைக்குள் மாம்பழ மஞ்சளும் வந்து ஒட்டிக்கொள்ளும். "எந்தக் கடையில பெரிப்பா நெயில் பாலிஷ் வாங்கினே?" என்று நான் கேட்காத வாரம் இல்லை. "போ கழுத" என்று அவர் சொல்லாத வாரமும் இல்லை.

பெரிப்பா என்பது வாய்க்கு வந்த உறவு, ரத்தத்தில் ஒன்றும் கிடையாது. நானும் என் அம்மா ஆதிலட்சுமியும் அவர் வீட்டு மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். அம்மா ஒரு பட்டுக் கடையில் புடவை மடிக்கிறாள். எனக்கும் பத்தாம் வகுப்புக் கணக்குக்கும் ஒத்துவரவில்லை. அதனால் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, பஸ் ஸ்டாண்டு பக்கம் லோகநாதன் அண்ணன் நடத்தும் கம்ப்யூட்டர் சென்டரில் உட்கார்ந்திருக்கிறேன். ஆதார் திருத்தம், சாதிச் சான்றிதழ், கரன்ட் பில். தெருவில் யார் வீட்டில் நிஜமாகவே ஏசி ஓடுகிறது, யார் வீட்டில் பேச்சில் மட்டும் ஓடுகிறது என்று எனக்குத் தெரியும்.

பெரிப்பாவுக்கு அறுபத்தோரு வயது. மனைவி பரிமளா இறந்து நாலு வருஷம் ஆகிறது. ஒரே மகள் லாவண்யா, ஓசூரில் கல்யாணம் ஆகி ஒரு பெண் குழந்தையோடு இருக்கிறாள். பெரிப்பா விடியற்காலையில் மொபட்டில் கிளம்பிப் போய் வீரபாகு முதலாளியின் சாயப்பட்டறையில் நிற்பார். மதியம் இரண்டு மணிக்குத் திரும்புவார். அதற்குப் பிறகு அவர் என்ன செய்கிறார் என்று கேட்டால், ஒன்றும் செய்யவில்லை என்பதுதான் பதில்.

சாயம் போடுகிற வேலையில் சூடுதான் எல்லாம். தொட்டித் தண்ணீர் கொதி வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பட்டு நூலை இறக்க வேண்டும். சூடு குறைந்தால் கலர் திட்டுத் திட்டாகப் பிடிக்கும், மிஞ்சினால் நூல் பாழ். அந்தப் பக்குவத்தைப் பார்க்க அந்தப் பட்டறையில் எந்தக் கருவியும் கிடையாது. பெரிப்பாவின் வலது கைதான் கருவி. விரலை விட்டு எடுத்து, "இறக்கு" என்பார், அல்லது "இன்னும் ரெண்டு கட்டை வை" என்பார். நாற்பது வருஷம் அப்படி விட்டு எடுத்த விரல்கள். நாமெல்லாம் 'ஐயோ' என்று கையை உதறுகிற தண்ணீரில் அவர் நிதானமாகப் பாத்திரம் கழுவுவார். அதுதான் வினையாகப் போயிற்று.

போன வருஷம் பொங்கலுக்கு லாவண்யா குழந்தையோடு வந்திருந்தாள். பாப்பாவுக்கு அப்போது இரண்டரை வயது. போகிக்கு மறுநாள் காலை, லாவண்யா வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தாள். பாப்பாவைக் குளிப்பாட்டுகிறேன் என்று பெரிப்பாவே அடம்பிடித்து வாங்கிப் போனார். அடுப்பிலிருந்து வெந்நீரை எடுத்து வாளியில் விளாவினார். கையை விட்டுப் பார்த்தார். இதமாகத்தான் இருந்தது. அவருக்கு.

ஒரு சொம்புதான் ஊற்றினார். குழந்தை போட்ட சத்தத்தில் மாடியிலிருந்த நானும் அம்மாவும் படி இறங்கி ஓடினோம். முதுகு முழுவதும் செக்கச் செவேலென்று ஆகியிருந்தது. தோள் பக்கம் தோல் எழும்பத் தொடங்கியிருந்தது. பெரிப்பா சொம்பைக் கீழே வைக்கவும் தெரியாமல் நின்றார். "இதமாத்தானே இருந்துது, இதமாத்தானே இருந்துது" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஆஸ்பத்திரிக்குப் போக ஆட்டோ வந்தது. ஏறும்போது அவரும் கூடவே ஏறப் பார்த்தார். லாவண்யா அவர் கையைத் தள்ளிவிட்டாள்.

"உன் கையி கையே இல்லப்பா. மரக்கட்டை. இனிமே எம்பொண்ண நீ தொடாத."

தெருவே கேட்டது. ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டு அனுப்பியதும் அவள் அங்கிருந்தே ஓசூருக்குப் போய்விட்டாள். வாசலில் பாதி போட்ட கோலம் இருந்தது. அதை மிதிக்காமல் சுற்றிக்கொண்டு பெரிப்பா மூன்று நாள் வீட்டுக்குள் போய் வந்தார்.

மாசி மாதம் ஒரு கீஸர் வந்தது. பின்னாலேயே அதை மாட்ட ஒரு ஃபிட்டரும் வந்தார். லாவண்யா வரவில்லை. ஃபிட்டரின் போனில் அவள் குரல் மட்டும் ஸ்பீக்கரில் வந்தது.

"அண்ணா, சூடு நாப்பது டிகிரியில வெச்சிடுங்க. அப்பா, கேக்குதா? அந்தத் திருகாணிய நீ தொடாத. கைய உட்டெல்லாம் பாக்காத. நாப்பதுன்னா நாப்பதுதான். மார்கழியில பச்சத்தண்ணி ஊத்திகினு இருமிகினு கெடக்க வேணாம். பில்லு என் நம்பருக்கு வர மாதிரி மாத்திட்டேன். நானே கட்டிக்கிறேன்."

"சரிம்மா" என்றார் பெரிப்பா. அவ்வளவுதான் பேச்சு.

அவள் சொன்னபடியே நடந்தது. எங்கள் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ரீடிங் எடுக்க ஆள் வருவார். சித்திரையில் வந்து எடுத்துவிட்டுப் போனார், அன்று சாயங்காலமே பெரிப்பாவின் போன் அடித்தது. அவர் வீட்டில் ஜன்னலோரம் மட்டும்தான் டவர் கிடைக்கும். அங்கே அவர் நின்று பேசினால் எங்கள் மாடிப்படிக்கு ஒரு வார்த்தை பாக்கியில்லாமல் வந்துவிடும். அது வீட்டைக் கட்டிய கொத்தனாரின் தப்பு.

"அப்பா, பில்லு கட்டிட்டேன்."

"எவ்ளோம்மா?"

"எண்ணூத்திச் சொச்சம்."

"அவ்ளோவா?"

"பரவால்லப்பா. சாப்ட்டியா?"

"ஆச்சி. பாப்பா..."

"தூங்குது. சரி, வெச்சிடறேன்."

இரண்டு நிமிஷம் இருக்கும். ஆனால் அன்று அவர் மாடிக்கு ஏறி வந்து, "லாவண்யா பேசிச்சி ஆதிலட்சுமி. சாப்ட்டியான்னு கேட்டுச்சி" என்று அம்மாவிடம் சொன்னார். மறுநாள் காலையும் சொன்னார். ஆனிப் பில்லுக்கும் அதே மாதிரி போன் வந்தது, அதே மாதிரி இரண்டு நிமிஷம். அதைத் தவிர அந்த வீட்டுக்கு எந்தப் போனும் வராது. எனக்கு எப்படித் தெரியும் என்றால், நடுவில் ஒரு நாள் நான்தான் அவருக்கு லாட்டரிக் கம்பெனிக் குரலில் போன் போட்டு, உங்களுக்கு ஒரு யானைக்குட்டி பரிசு விழுந்திருக்கிறது என்றேன். யார் நீ என்று அதட்டவில்லை. "எங்க கட்டறதும்மா, எடம் இல்லியே" என்று ஆறு நிமிஷம் பேசினார். நான் போரடித்து வைக்க வேண்டியதாயிற்று. வைத்த பிறகுதான் எனக்கு என்னவோ போல இருந்தது.

ஆனால் பெரிப்பாவின் மனதில் ஒட்டிக்கொண்டது 'சாப்ட்டியா' மட்டுமில்லை, 'எண்ணூத்திச் சொச்சமும்'தான். லாவண்யா வீட்டில் வீட்டுக்கடன் ஓடுகிறது என்று அவருக்குத் தெரியும்.

"புள்ளைக்கு சூடு வெச்சேன். இப்ப செலவும் வெக்கறேன்" என்றார் அம்மாவிடம். "இந்த மீட்டர ஒரு கை பாக்கறேன் பாரு."

பார்த்தார்.

முதலில் குண்டு பல்புகள் போயின. அடுத்தது ஃப்ரிட்ஜ். ஒரு ஆள் சாப்பாட்டுக்கு எதற்குப் பெட்டி என்று துடைத்துக் கதவைத் திறந்து வைத்து, உள்ளே வெங்காயம் கொட்டிவிட்டார். பிறகு டிவி. அவர் டிவி பார்க்கிறவர் இல்லை, சும்மா சத்தத்துக்கு ஓடவிடுவார். செய்தி, சீரியல், சமையல், எதுவானாலும் சரி. அதை நிறுத்திய பிறகு அந்த வீடு ஊமையாகிவிட்டது. அவர் தட்டில் கரண்டி படும் சத்தம் மாடிக்குக் கேட்கும். ஒரு இருமல் இருமினால் அம்மா சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அடுத்த இருமலுக்காகக் காத்திருப்பாள்.

மீட்டரில் ஒரு குட்டிச் சிவப்பு விளக்கு சிமிட்டுமே, அதன் எதிரில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து எண்ணுவார். ஃபேனைப் போட்டால் எத்தனை சிமிட்டல், மிக்ஸியைப் போட்டால் எத்தனை. கீஸரைப் போட்டபோது அது எண்ணவே முடியாமல் படபடவென்று துடித்ததாம். "பைத்தியம் புடிச்ச மாதிரி சிமிட்டுது" என்றார் பயந்துபோய். அன்றிலிருந்து கீஸர் சுவிட்சுக்கு மேல் ஒரு துணியைக் கட்டிவிட்டார். ஒவ்வொரு காலையும் ரீடிங்கைச் சுவரில் சாக்பீஸால் எழுதுவார். ஒரு நாள் நான் அதில் ஒரு ஆறை எட்டாகத் திருத்திவிட்டேன். அந்த ஞாயிற்றுக்கிழமை பூராவும் மனிதர் எல்லா சுவிட்சையும் அணைத்துவிட்டு, சுவரில் காதை வைத்துக் கொண்டு, கரன்ட் எங்கே ஒழுகுகிறது என்று தேடினார். சாயங்காலம் நான் போய் எட்டை ஆறாக்கிவிட்டு வந்தேன்.

சரி, வெந்நீருக்கு? பட்டறையிலிருந்து கொண்டுவந்தார். அங்கே கடைசித் தொட்டி முடிந்ததும் அடுப்பில் தணல் கிடக்குமே, அதன் மேல் ஒரு குண்டானில் நல்ல தண்ணீரை வைத்துவிடுவார். வேலை முடிந்து கிளம்புவதற்குள் அது சூடாகிவிடும். அதைப் பழைய அலுமினியப் பால் கேனில் ஊற்றி, சாக்கு சுற்றி, கயிறு கட்டி, மொபட்டில் முன்னால் வைத்துக்கொண்டு வருவார். வீடு வந்து சேர்ந்தும் ஆவி பறக்கும். காசில்லாத வெந்நீர். எனக்குத்தான் கை சும்மா இருக்கவில்லை. ஒரு நாள் கேனில் 'சுத்தமான எருமைப்பால்' என்று எழுதி ஒட்டிவிட்டேன். மறுநாள் மூலை வீட்டுப் பூங்காவனம் அக்கா சொம்போடு வந்து மொபட்டை மறித்தாள்.

"அரை லிட்டர் ஊத்துண்ணா."

"சுடுதண்ணி இது."

"பால்ல தண்ணி கலப்பாங்க, கேள்விப்பட்டுகீறேன். நீ வெறும் தண்ணியே விக்கறியா?"

அவர் சிரித்து நான் பார்த்தது அந்த வருஷத்தில் அந்த ஒரு தரம்தான்.

ஆவணியில் ரீடிங் எடுத்தார்கள். தொண்ணூற்று நாலு யூனிட். இரண்டு மாதத்துக்கு நூறு யூனிட் வரை வீடுகளுக்கு இலவசம் என்பதால், நூறைத் தாண்டாவிட்டால் கட்ட ஒன்றும் இல்லை, பில் ஜீரோ. பெரிப்பா பட்டறையிலிருந்து நேராக எங்கள் சென்டருக்கு வந்துவிட்டார், நகமெல்லாம் ஊதாவாக.

"ஜல்தி பாத்துச் சொல்லு."

ஸ்கிரீனைத் திருப்பிக் காட்டினேன். ஜீரோவைப் பார்த்தார். கண்ணாடியை எடுத்துத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"லாவண்யாவுக்கும் இது போயிருக்குமா?"

"மெசேஜ் போயிருக்கும் பெரிப்பா."

"அப்ப சாயங்காலம் பேசும்" என்றார்.

ஐந்து மணிக்கே ஜன்னலோரம் ஸ்டூலைப் போட்டுக்கொண்டார். அவள் கேட்டால் சொல்வதற்காக ஃப்ரிட்ஜ் கதையையும் பால் கேன் கதையையும் வாய்க்குள்ளேயே ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார். நான் தண்ணீர் எடுக்க இறங்கியபோது உட்கார்ந்திருந்தார். துணி எடுக்க இறங்கியபோதும் உட்கார்ந்திருந்தார்.

போன் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. ஒரு வாரம் கழித்து போனை எடுத்துக்கொண்டு மாடிக்கு வந்தார்.

"இது கெட்டுப் போச்சான்னு பாரு. ரீசார்ஜெல்லாம் இருக்குது. உன்னுதுல இருந்து ஒண்ணு போடு."

போட்டேன். அடித்தது. எதிரில்தான் நிற்கிறேன், இரண்டு முழம்கூட இருக்காது. இருந்தும் அவர் போனைக் காதில் வைத்து, தொண்டையைச் செருமி, "அலோ, தனகோடி பேசறேன்" என்றார். நானும் என் போனில், "நல்லாக்கீறியா பெரிப்பா?" என்றேன். "இருக்கறேம்மா" என்று அதற்குள்ளேயே பதில் சொன்னார். பிறகு போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் கேக்குது" என்று கீழே இறங்கிப் போனார்.

ஐப்பசி பில்லும் ஜீரோ. எண்பத்தெட்டு யூனிட். இந்த முறை அவர் சென்டருக்கு வரவில்லை. நானே சொன்னபோது, "ஆங்" என்று மட்டும் சொன்னார். சாயங்காலம் ஸ்டூலும் ஜன்னல் பக்கம் போகவில்லை.

"கட்டறதுக்கு இருந்தாத்தானே கட்டிட்டேன்னு சொல்லும்" என்றார் அம்மாவிடம். "நூலு சிக்கலாச்சேன்னு வெட்டப்போயி தறியில ஓடற பாவு நூலையே வெட்டிட்டேன்."

"அப்ப கொஞ்சம் கரன்ட் செலவு பண்ணுங்கண்ணா" என்றாள் அம்மா. "கீஸர போட்டு நல்லாத்தான் ஊத்திக்குங்களேன்."

முயற்சி செய்தார். துணியை அவிழ்த்து சுவிட்சைப் போட்டார். நான் படியில் நின்று எண்ணினேன். ஒன்றரை நிமிஷம்கூட இல்லை, டப்பென்று அணைத்துவிட்டார். "பேஜாரா இருக்குது. புள்ள காசு எரியற மாதிரி இருக்குது" என்றார். அவரால் முடியாது. சாயத்தில் ஒரு சொட்டு சிந்தினாலும் துணியால் ஒற்றி எடுத்துத் தொட்டியில் பிழிகிற ஆள் அவர்.

அதனால் நான் ஒரு வேலை செய்தேன். நல்ல வேலை என்று சொல்லமாட்டேன். மதியம் லோகநாதன் அண்ணன் சாப்பிடப் போனதும், சென்டர் போனிலிருந்து லாவண்யா அக்காவைக் கூப்பிட்டேன். நம்பர் அம்மா போனில் இருந்தது. என்னிடம் ஜலதோஷம் பிடித்த ஆபீஸரம்மா குரல் ஒன்று உண்டு. அதை எடுத்து மாட்டிக்கொண்டேன். என் கணக்கு என்னவென்றால், அவளைக் கொஞ்சம் பயமுறுத்தினால் அப்பாவுக்கு ஒரு போன் போடுவாள்.

"மேடம், ஆரணி ஈபி-யில இருந்து பேசறோம். தனகோடின்ற பேர்ல இருக்கற சர்வீஸுக்கு உங்க நம்பர்தானே?"

"ஆமாங்க."

"ரெண்டு பில்லா ஜீரோ வருது. கீஸர் வெச்ச வீடு. மீட்டர் ஓடலியா, இல்ல வீட்ல ஆளே இல்லியா? ரிப்போர்ட் எழுதணும்."

அந்தப் பக்கம் அவள் வேலை செய்கிற கம்பெனியின் மிஷின் சத்தம் கேட்டது.

"ஆளு இருக்காருங்க. எங்கப்பா. மீட்டரும் ஓடும். கீஸர்தான் ஓடாது."

"ரிப்பேரா மேடம்?"

"இல்லீங்க. நான் வாங்கி மாட்டினது. அதான் போட மாட்டாரு." குரல் இறங்கியது. "ஜீரோன்னு மெசேஜ் வருதில்லீங்க, அத எனக்கு வேற எப்படி எடுத்துக்கறதுன்னு தெரியல. உன் சுடுதண்ணியும் வேணாம், நீயும் வேணாம்ன்றாரு. சொல்லட்டும். நான் பேசின பேச்சு அப்படி."

அடுத்த வசனத்தை நான் தேடுவதற்குள் அவளே பேசினாள்.

"மேடம், ரீடிங் எடுக்கறவரு உள்ள போய்தானே எடுப்பாரு? எங்கப்பாவ பாத்திருப்பாரா? இளச்சிருக்காரான்னு கேட்டுச் சொல்ல முடியுங்களா? பனி ஆரம்பிச்சா அவருக்கு இருமல் வரும்."

"இளைக்கலக்கா" என்றேன். "இருமல் போன வாரம் இருந்துது, அம்மா மிளகுக் கஷாயம் வெச்சிக் குடுத்துது, இப்ப இல்ல."

சொல்லி முடித்த பிறகுதான், ஜலதோஷக் குரல் எங்கேயோ கழன்று விழுந்துவிட்டது தெரிந்தது.

"யாரு இது?" என்றாள் லாவண்யா.

வைத்துவிட்டேன்.

இரண்டு மணிக்குப் பால் கேனோடு பெரிப்பா வந்தார். கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தவரின் எதிரில் போய் நின்றேன்.

"பெரிப்பா, லாவண்யா அக்காகிட்ட பேசினேன்."

கை நின்றது. "உனக்குப் போன் பண்ணிச்சா?"

அந்தக் கேள்வியை அவர் கேட்ட விதத்தில், ஆமாம் என்று நான் பொய் சொல்லியிருந்தால் மனிதர் அப்படியே இடிந்துபோய் உட்கார்ந்திருப்பார்.

"இல்ல, நான்தான் பண்ணேன். எதுக்குன்னு கேக்காத. நீ கீஸர் போடறதில்லன்னு அக்காவுக்கு வருத்தம். கோவத்துலதான் போடலன்னு நெனச்சிகினு இருக்குது."

"கோவமா? எனக்கா?" என்றார். "எனக்கு ஏது கோவம்? காசு மிச்சமானா அதுக்கு சந்தோசமா இருக்கும்னுதான்..."

மொபட்டின் சீட்டில் கையை ஊன்றிக்கொண்டார். ஊதாவும் மஞ்சளுமாகக் கை. பிறகு மாடியைப் பார்த்து, "ஆதிலட்சுமி, இந்தத் தண்ணிய நீ எடுத்துக்கோம்மா. நான் உள்ள ஊத்திக்கிறேன்" என்று கூப்பிட்டார்.

கீஸரைப் போட்டுவிட்டு, தோளில் துண்டோடு குளியலறைக்கு வெளியே பஸ்ஸுக்கு நிற்பவர் மாதிரி நின்றார். மீட்டர் பக்கம் திரும்பவே இல்லை. குளித்துவிட்டு வந்ததும், "நாப்பதுன்றாங்க, ஆறிப்போன டீத்தண்ணியாட்டம் இருக்குது" என்று அலுத்துக்கொண்டார். திருகினால் அறுபது வரை ஏறும் என்றேன்.

"தொடக்கூடாதுன்னு சொல்லிகீது" என்றார்.

அந்தக் குளிர் முழுவதும் ஆறின டீத்தண்ணியிலேயே குளித்தார். மார்கழி பாதியில் ரீடிங் எடுத்தார்கள். நூற்று எழுபத்தொரு யூனிட். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்துக்குப் போன் அடித்தது. நான் மாடிப்படியில் செருப்பு வாரைச் சரிசெய்துகொண்டிருந்தேன். அந்தச் செருப்புக்கு வாரே கிடையாது.

"அப்பா, பில்லு கட்டிட்டேன்."

"ஆங்."

"கீஸர் போட்டியா?"

"தெனமும் போடறேன்."

"சூடு போதுமா?"

"இதமா இருக்கு" என்றார். சொன்ன பிறகு அந்த வார்த்தை அவருக்கே உறைத்திருக்க வேண்டும். அவள் வைத்துவிட்டாளோ என்று அவர் போனை எடுத்துப் பார்த்து மறுபடியும் காதில் வைத்தார்.

"பொங்கலுக்கு மாமியார் வீட்டுக்குப் போறோம்பா" என்றாள்.

"போயிட்டு வாங்கம்மா."

"சரிப்பா. வெச்சிடறேன்."

வைத்த பிறகு பெரிப்பா சுவரில் இருந்த காலண்டரில் தாள்களைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். "அடுத்த பில்லு மாசியிலதானே?" என்று என்னைக் கேட்டார். நான் கேட்டுக்கொண்டிருப்பது எப்போதிலிருந்து அவருக்குத் தெரியும் என்று எனக்குத் தெரியாது.

"பில்லு வந்தாத்தான் பேசணுமா பெரிப்பா? நீயே ஒரு போனு போடேன்."

"போட்டு?"

"பேசு."

"இன்னான்னு?"

யானைக்குட்டி விழுந்தது என்று சொல்ல எனக்குத் தெரியும். ஈபி ஆபீஸர் மாதிரிப் பேசத் தெரியும். ஒரு அப்பா தன் மகளிடம் இன்னான்னு பேசுவது என்று எனக்கும் தெரியவில்லை. என் அப்பா எங்கே இருக்கிறார் என்பதே எங்களுக்குத் தெரியாது. அவர் ஜன்னலைச் சாத்திவிட்டு உள்ளே போனார்.

பொங்கல் வந்தது. தெருவெல்லாம் கோலம். பெரிப்பா வீட்டு வாசலில் அம்மா போட வந்தபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார். பட்டறை மூன்று நாள் லீவு. ஒரு நாள் எங்கள் வீட்டில் சாப்பிட்டார், மற்ற நாள்களில் வரவில்லை. டிவியையும் போடவில்லை. கரண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

காணும் பொங்கலன்று காலை பத்து மணி இருக்கும். கீழே கீஸர் சுவிட்ச் விழுகிற சத்தம். குளித்தார். வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு ஜன்னலோரம் வந்து நின்றார். வெகு நேரம் நின்றார். நான் படியில் இருந்தேன், இந்த முறை செருப்புகூட இல்லாமல்.

அவர் நம்பரை அழுத்தியதும் முதல் தடவை அடித்து அடித்து நின்றுவிட்டது. "வேலையா இருக்கும்" என்று போனிடமே சொன்னார். வைத்துவிடுவார் என்றுதான் நினைத்தேன். வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் போட்டார்.

"லாவண்யா... இல்லம்மா, பில்லெல்லாம் ஒண்ணும் வரல... உடம்பு நல்லாத்தான்கீது... இல்ல, கீஸரும் நல்லா எரியுது... சும்மாதாம்மா."

அவள் ஏதோ கேட்டாள். அவர் தலையை ஆட்டினார், போனில் தலையாட்டினால் தெரியாது என்பதை மறந்து. பிறகு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பாப்பா முதுகுல..." என்றார். "பாப்பா முதுகுல இன்னும் தெரியுதாம்மா?"

ஒரு வருஷமாக அவர் கேட்காத கேள்வி அது. இதற்கு வரப்போகும் பதில் என் காதுக்கு உரியதில்லை என்று தோன்றியது. மாடிக்கு எழுந்து போனேன். அம்மா, "கீழ இன்னா சத்தம்?" என்றாள்.

"ஒண்ணுமில்ல, பெரிப்பா போன்ல பேசிகினு இருக்காரு" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன்.